கந்தசட்டி விரதத்துக்குள் வேட்டைக்குப் போன பை

நான் வேலை செய்த கடையில் இப்போது ஒரு திரை வைத்திருக்கிறார்களாம். வேட்டைக்கு முதுகுப் பை வாங்க வருகிறவர் தன் உயரத்தையும் நிறையையும் எத்தனை இரவு தங்கப் போகிறார் என்பதையும் அதில் தட்டினால், எத்தனை லீற்றர்ப் பை வேண்டும் என்று அது சொல்லுமாம். என்னோடு வேலை செய்த சப்ரினா என்ற பிள்ளை போன் எடுத்துச் சொன்னாள். நல்ல விஷயம் என்றேன். திரை சொன்ன பையைக் கொண்டுபோன கனபேர் அடுத்த கிழமையே திருப்பிக் கொண்டுவருகிறார்கள் என்றாள். அதுவும் நல்ல விஷயந்தான், நடந்து பழகுவார்கள் என்றேன். நீங்கள் எப்படிச் செய்தீர்கள் என்று எழுதித் தரச் சொன்னாள். பிரெஞ்சில் எழுத எனக்குப் பொறுமை இல்லை. தமிழில் எழுதுகிறேன். அவளால் இதை வாசிக்க முடியாது என்பதால் உள்ளதை உள்ளபடி எழுதலாம்.

தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் என் வேலையை எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்தி முடித்ததே இல்லை. அங்கே ரூ காய் தெருவில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நிற்பவர்களுக்குத் தெரிந்த வேலைகள் ரெஸ்ரோறண்ட் குசினி, பலசரக்குக் கடை, துப்பரவு. வேட்டைச் சாமான் கடை என்று சொன்னதும் குரலைத் தாழ்த்தி, "துவக்கோ?" என்பார்கள். துவக்கு மேல்மாடியில். நான் கீழே, பைப் பகுதியில். நான் அங்கே சேர்ந்தது 2009இல். துவக்கு இருக்கிற கட்டடத்தில் வேலை என்று எங்களில் ஒருவன் சந்தோசமாகச் சொல்லக்கூடிய ஆண்டு அல்ல அது. ஊரில் யுத்தம் முடிந்து, அங்கேயிருந்து ஒரு போன் வராதா என்று எல்லோரும் காத்துக்கிடந்த நேரம். அதனால் மனைவிக்கும் பைக்கடை என்றே சொல்லி வைத்தேன். நான் பெண்களின் கைப்பை விற்கிறேன் என்று அவள் கனகாலம் நினைத்திருந்தாள். அப்படியிருந்தும் ஒன்றுகூட வீட்டுக்கு வரவில்லை என்று உள்ளுக்குள் கோபமும் இருந்தது.

முதலில் பெட்டி இறக்கினேன். பிறகு பெட்டி உடைத்தேன். பிறகு உடைத்த பெட்டியிலிருந்து எடுத்த பைகளைத் கொளுக்கியில் தொங்கவிட்டேன். விற்கிறவர் ஒருவர் முதுகு நோவென்று வேலையை விட்டுப் போக, பைப் பகுதியின் பெரியவரான முசியோ விதால் என்னைக் கூப்பிட்டு, அந்த இடத்தில் நிற்கச் சொன்னார். என் பயிற்சி அவ்வளவுதான்.

முசியோ விதால் ஒல்லியான மனிதர். வாயில் எப்போதும் ஒரு புதினா மிட்டாய். வருகிறவரின் முகத்தை அவர் பார்க்க மாட்டார். இடுப்பைத்தான் பார்ப்பார். பல காலமாக வருகிற வாடிக்கையாளர் ஒருவர் தெருவில் வணக்கம் சொன்னபோது அவருக்கு ஆளைத் தெரியவில்லை. அந்த ஆள் திரும்பி நடக்கத் தொடங்கிய பிறகு, பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

தொடக்கத்தில் நான் வந்தவர் எல்லாருக்கும் பெரிய பையைக் காட்டினேன். எங்கள் ஆட்களுக்குப் பை என்றால் விமானத்தில் எத்தனை கிலோ விடுவான் என்பதுதான் கணக்கு. விடுகிற கிலோவில் பாதியோடு போகிறவனை நான் இன்றுவரை கண்டதில்லை. அரைநாள் வேட்டைக்குப் போகிற வங்கிக்காரர் ஒருவருக்கு எண்பது லீற்றர்ப் பையை மாட்டிவிட்டு, உள்ளே இன்னும் இடம் இருக்கிறது என்று பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தேன். முசியோ விதால் வந்தார். சுட்ட மிருகத்தை யார் சுமப்பார் என்று அவரிடம் கேட்டார். அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்றார் வங்கிக்காரர். முசியோ விதால் அவருக்கு இருபது லீற்றர்ப் பையைக் கொடுத்தார். அந்த ஆட்கள் யாரும் வருவதானால் எண்பதை அவர்களுக்கு எடுத்து வைக்கலாம் என்றும் சொன்னார். வங்கிக்காரர் சிரித்தார். முசியோ விதால் சிரிக்கவில்லை, எண்பதை உண்மையாகவே எடுத்து வைத்தார்.

அளவெடுக்கும் முறை இது. வந்தவரைக் குனியச் சொல்ல வேண்டும். பிடரிக்குக் கீழே ஓர் எலும்பு முட்டிக்கொண்டு தெரியும். பிறகு இரண்டு கையையும் இடுப்பெலும்பின் மேல் வைத்து, பெருவிரல்களைப் பின்பக்கம் நீட்டச் சொல்ல வேண்டும். அந்த எலும்பிலிருந்து இரண்டு பெருவிரலுக்கும் நடுவில் உள்ள இடம் வரைக்கும் தையற்கார நாடாவைப் பிடித்தால், அதுதான் முதுகு. ஆறடி மனிதருக்குக் கட்டை முதுகு இருக்கும், கட்டை மனிதருக்கு நீள முதுகு இருக்கும். உயரத்தைக் கேட்டுப் பை கொடுக்கிற திரைக்கு இது தெரியாது. லீற்றரைப் பற்றிய பேச்சே இதற்குப் பிறகுதான்.

அடுத்தது, பாரத்துக்காகப் பைக்குள் வைக்கிற மணற்பொதி. பாரமானதைத் தோள் எலும்புக்குப் பக்கத்தில், முதுகோடு ஒட்டி வைக்க வேண்டும். அடியில் வைத்தால் பை ஆளைப் பின்னுக்கு இழுக்கும். இடுப்புப் பட்டியை முதலில் இறுக்கி, தோள் பட்டியைக் கடைசியில் இறுக்கி, மேல்மாடிப் படியில் ஏறி இறங்க வைப்போம். பிறகு துவக்குக்குப் பதிலாகக் கடை கூட்டுகிற தும்புத்தடியைக் கையில் கொடுத்துக் குறிபார்க்கச் சொல்வோம். துவக்கின் அடிக்கட்டையான பிடங்கு தோள் பட்டியில் தட்டினால் அந்தப் பை சரிவராது. உறுதி எழுதுகிற பெரிய பெரிய நொத்தாரிசுமார் கழுத்துப்பட்டியோடு நின்று எங்கள் கடைக் கூரையைத் தும்புத்தடியால் குறிபார்த்திருக்கிறார்கள். கடைசியாக, முசியோ விதால் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். வந்தவர் பையோடு அவரைச் சுற்றி நடக்க வேண்டும். துணி உரசுகிற சத்தத்தை வைத்து ஆள் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று அவர் சொல்லிவிட்டால், மான் அவருக்கு முதலே சொல்லிவிடும்.

இவ்வளவும் முடிந்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பார். வரும்போது என்ன வரும்? போகும்போது எல்லாரும் ரொட்டியும் வைனும் ஒரு சட்டையும்தான் கொண்டு போவார்கள், பையின் அளவு வரும்போது உள்ளதைப் பொறுத்தது என்பது அவர் கொள்கை.

இனி சிவஞானம் அண்ணையின் கதைக்கு வருகிறேன். என் வேலைக்காலத்தில் என்னைப் போட்டு வதைத்த பை அதுதான்.

சிவஞானம் அண்ணை ரூ காயில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை செய்தவர். ரூ பஜோல் பிள்ளையார் கோயிலில் சாமி தூக்குகிறவர். முட்டை போட்ட கேக்கைக்கூட வாயில் வைக்காத சைவம். வருசம் தவறாமல் கந்தசட்டி ஆறு நாளும் பின்னேரம் பாலும் பழமும் மட்டும் எடுத்து விரதம் இருந்து, ஏழாம் நாள் பாரணையோடுதான் முடிப்பார். ஒரு ஒக்டோபர் மாதம் அவர் எங்கள் கடைக்குள் வந்து நின்று, தொங்குகிற பைகளை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"தம்பி, எனக்கொரு வேட்டைப் பை வேணும்."

ஆருக்கு அண்ணை என்று கேட்டேன். தனக்குத்தான் என்றார். சுகமில்லையோ என்று நினைத்து ஸ்ரூலில் இருத்தினேன். பிறகு விசயம் வந்தது.

அவருடைய மகள் அபிராமி, தன்னோடு கந்தோரில் வேலை செய்கிற தொமா என்ற பொடியனைக் கட்டப் போகிறாள். பொடியனில் ஒருவருக்கும் குறை இல்லை. பொடியனின் தகப்பன்தான் பிரச்சினை. லிமூசன் பக்கத்துக் கிராமத்து மனிதர், வேட்டைக்காரர். முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது, சிவஞானம் அண்ணையின் மனைவி பரமேஸ் அக்கா வடையைக் கொண்டுவந்து வைக்க, அவர் மரியாதைக்குத் தன் போனை எடுத்துச் செத்த காட்டுப் பண்டியின் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டியிருக்கிறார். அன்றோடு சரி. அக்கா அவரை "அந்த ஆள்" என்பதைத் தவிர வேறு பெயரால் சொன்னதில்லை. கலியாணம் என்ற சொல் வந்தால் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவா.

அந்த ஆள் இப்போது அண்ணையை வேட்டைக்கு அழைத்திருந்தார். அந்தக் கிராமத்தில் அதைவிடப் பெரிய மரியாதை இல்லை என்று மகள் சொல்லியிருக்கிறாள். முன்பு இரண்டு தடவை அழைத்தபோது ஒருமுறை கோயில் திருவிழா, ஒருமுறை கடையில் லீவில்லை. மூன்றாவது முறையும் மறுத்தால், இவர்களுக்கு எங்களைப் பிடிக்கவில்லை என்றே அந்த மனிதர் முடிவெடுத்துவிடுவார். மூன்றாவது முறை வந்த சனிக்கிழமையோ கந்தசட்டிக்குள் விழுந்தது.

பட்டினியோடு மலையில் நிற்பதில் அவருக்குப் பயமில்லை. வேட்டை முடிந்தால் வந்தவர்கள் எல்லாருக்கும் இறைச்சியில் பங்கு உண்டு, விருந்தாளிக்கும் உண்டு, அதை வேண்டாம் என்பது பெரிய அவமரியாதை என்று ஆரோ சொல்லியிருக்கிறார்கள். அது உண்மையோ என்று என்னைக் கேட்டார். உண்மை என்றேன். அக்கா ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லிவிட்டா.

"கந்தசட்டிக்குள்ளை அந்த ஆளின்ரை இறைச்சி ஒரு துண்டு இந்த வாசல் ஏறினா, நான் பியர்ஃபித்திலை தங்கச்சி வீட்டை போயிடுவன். கலியாணத்துக்கும் அங்கையிருந்து வரமாட்டன்."

பரமேஸ் அக்கா சொன்னால் செய்கிறவ. தாய் இல்லாமல் மகளின் கலியாணம். அந்த மனுசன் ஸ்ரூலில் இருந்து இரண்டு கையாலும் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் கதைப்பது புரியாவிட்டாலும் முசியோ விதால் வந்து நாடாவை எடுத்தார். குனிய வைத்தார், அளந்தார். பையை மாட்டியதும் வலப்பக்கத் தோள் பட்டி வழுக்கியது. இறுக்கினார். திரும்பவும் வழுக்கியது. தோளைக் கையால் தடவிப் பார்த்தார். ஒரு பக்கம் பதிந்து, காய்த்துப் போயிருந்தது. இவர் எதைச் சுமக்கிறார் என்று என்னைக் கேட்டார். கடவுளை என்றேன். எத்தனை கிலோ என்றார். நான் அதைத் தமிழில் கேட்டேன். சாமியை ஆர் நிறுத்துப் பார்த்தது என்றார் சிவஞானம் அண்ணை. முசியோ விதால் அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டு, வலப்பக்கப் பட்டியைக் கொஞ்சம் கட்டையாக்கினார்.

பிறகு கேள்வி. வரும்போது என்ன வரும்?

"ஒண்டும் வரக்கூடாது" என்றார் அண்ணை.

நான் மொழிபெயர்த்தேன். முசியோ விதால் மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். அப்படியொரு பதிலை அவர் அதுவரை கேட்டதில்லை. முழு விசயத்தையும் சொன்னேன். ஆகச் சின்னப் பையைக் கொடுப்போம், பரமேஸ் அக்கா பலகாரத்தால் அதை நிரப்பி அனுப்பட்டும், பிறகு இறைச்சிக்கு இடமிராது என்பது என் யோசனை. அந்த ஆளை என்னதான் பிடிக்காவிட்டாலும், வெறுங்கையோடு மனுசனை அனுப்பி எங்கள் மரியாதையைக் கெடுக்க அக்கா தயாராக இல்லை. பயத்தம் பணியாரமும் முறுக்கும் சீனி அரியதரமும் சுடுவதாக இருந்தா.

முசியோ விதால் ஒப்புக்கொள்ளவில்லை. பலகாரத்தைக் கொடுத்த பிறகு பை வெறுமையாகிவிடும் என்றார். அது எனக்குத் தோன்றவே இல்லை. அதோடு, சின்னப் பையோடு வருகிறவனைக் கண்டால் அந்த ஊர் மனிதர்களுக்கு உடனே விளங்கிவிடும், இவன் பங்கை மறுக்கும் முடிவோடு வந்திருக்கிறான் என்று. பெரிய பை என்றால் அது வாயைத் திறந்துகொண்டு கேட்கும். சின்னதும் அவமானம், பெரியதும் ஆபத்து. வேறு வாடிக்கையாளர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

கடைசியில் முப்பது லீற்றர்ப் பை ஒன்றை எடுத்தோம். வாயைச் சுருட்டிச் சுருட்டிக் கீழே கொண்டுவந்து கொளுவிவிடலாம். உள்ளே எவ்வளவு குறைந்தாலும் அவ்வளவுக்குச் சுருட்டலாம். எப்போது பார்த்தாலும் நிறைந்த பை போல நிற்கும். முசியோ விதால் அதை ஒருமுறை சுருட்டிப் பார்த்துத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்காக நான் எத்தனையோ மாதம் வேலை செய்திருக்கிறேன்.

ஞாயிறு பின்னேரம் ரெயினிலிருந்து போன் வந்தது.

"தம்பி, நீர்தானே பை தந்தனீர். ஸ்ரேசனுக்கு வாரும்."

ஒஸ்ரலிட்ஸ் ஸ்ரேசனுக்கு ஓடினேன். அண்ணை காலெல்லாம் சேற்றோடு இறங்கி வந்தார். பையின் சுருள் ஒன்றும் மிச்சமில்லை. வாய்வரைக்கும் புடைத்து, செம்மஞ்சள் கயிற்றால் கட்டியிருந்தது. அது நாங்கள் கொடுத்த கயிறும் இல்லை, எங்களுக்குத் தெரிந்த முடிச்சும் இல்லை. பாரம் முழுக்க அடியில் கிடந்தது. அமத்திப் பார்க்கக் கையைக் கொண்டுபோனேன். அமத்தாதையும் என்றார்.

மெட்ரோவில் வரும்போது நடந்ததைச் சொன்னார். பலகாரம் காலையிலேயே முடிந்துவிட்டது. வேட்டைக்காரர்கள் முறுக்கைத் துவக்கால் சுடாததுதான் மிச்சம், அவ்வளவு ஆவலாம். பிறகு ஒரு பெரிய பண்டியைச் சுட்டார்கள். அது வாகனம் போக முடியாத ஒரு பள்ளத்துக்குள் போய் விழுந்துவிட்டது. ஒரு நீளத் தடியில் அதைக் கட்டி நாலு பேர் தூக்கினார்கள். அந்த நாலு பேரில் ஒருவர் தொமாவின் தகப்பன், அவருக்கு முழங்கால் சரியில்லை. ஆளுக்கொரு விதமாகக் காலை வைத்து நடந்தார்கள். தடி குதித்தது, பண்டி இரண்டு பக்கமும் ஊசலாடியது. சிவஞானம் அண்ணை ஏலுமட்டும் பொறுத்துக்கொண்டு நின்றாராம்.

"சாமியை இப்பிடித் தூக்கினா ஐயர் என்ன சொல்லுவார் எண்டு நினைச்சன். அந்தாளைக் கையாலை விலத்திப்போட்டு நான் தோளைக் குடுத்தன்."

"பண்டிக்கோ அண்ணை?"

"ஓம். காலைச் சேத்து வைக்கச் சொல்லுறதுக்கு எனக்குப் பிரெஞ்சு வரேல்லை. தூக்கேக்கை நான் சொல்லிப் பழகினது ஒண்டுதான். அரோகரா எண்டன். ரெண்டு மூண்டு தரத்துக்குப் பிறகு அவங்களும் சொன்னாங்கள். சரியாச் சொல்லேல்லை. ஆனா காலைச் சரியா வைச்சாங்கள்."

எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. விட்டுணுவும் பண்டியாக வந்தவர்தானே அண்ணை என்றேன். அதைத் தான் பாதி வழியில்தான் நினைத்ததாகவும், முதலே நினைத்திருந்தால் இவ்வளவு நொந்திருக்காது என்றும் சொன்னார்.

பங்கு பிரிக்கிற நேரம் பையை நன்றாகச் சுருட்டிக் காலுக்குள் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். தொமாவின் தகப்பன் வந்து, பையை எடுத்து, ஒரே கையால் சுருளை அவிழ்த்துக்கொண்டு கொட்டிலின் பின்பக்கம் போனார். கட்டிக்கொண்டுதான் திரும்பி வந்தார். வீட்டில் திறவுங்கள் என்று மட்டும் சொல்லிக் கையைக் குலுக்கினார்.

கார் து நோர் ஸ்ரேசன் படியில் ஏறும்போது நான் வழிகளைச் சொன்னேன். என் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, என் மனைவியும் சட்டி விரதம். இங்கேயே விட்டுவிட்டுப் போனால் ஆளில்லாத பை என்று ஸ்ரேசனையே மூடிவிடுவார்கள். குசினி வேலை செய்கிற சினேகிதன் ஒருவன் இருந்தான், கேள்வி கேட்காமல் வாங்குவான். அண்ணை எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் படியில் நின்றார்.

"அவர் கட்டித் தந்ததை நான் வழியிலை எறிஞ்சா, பிறகு என்னெண்டு என்ரை பிள்ளையை அங்கை அனுப்புறது?"

பையை நான் தூக்கட்டுமா என்றேன். வேண்டாம் என்றார்.

அவர்கள் வீடு மூன்றாம் மாடி, லிப்ற் இல்லை. பரமேஸ் அக்கா முழுகி, திருநீறு பூசி, கதவைத் திறந்தா. பையைப் பார்த்தா. கதவு நிலையில் ஒரு கையை வைத்தா. அபிராமி பின்னால் நின்றாள்.

"பரமேஸ், இதுக்குள்ளை என்ன இருக்கெண்டு எனக்குத் தெரியாது. ஆனா எறியமாட்டன்" என்றார் அண்ணை. சொல்லிவிட்டு, பையை வாசலுக்கு வெளியே, கால்துடைப்பத்தின் மேல் வைத்தார்.

அக்கா நின்ற நிற்பைப் பார்த்தபோது பியர்ஃபித்துக்கு உடுப்பு அடுக்கியாயிற்று என்றே நான் நினைத்தேன். அபிராமி தாயின் கைக்குக் கீழால் குனிந்து வெளியே வந்து, கத்தரிக்கோலால் கயிற்றை வெட்டினாள். பை சரிந்தது. கஸ்கொட்டைகள், செஸ்நட் என்கிறார்களே, அவை. மண்ணிறத்தில், பளபளவென்று, வாசலில் கொட்டி, சப்பாத்துத் தட்டுக்குக் கீழே உருண்டு, படியால் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிப் போயின. ஒரு துண்டு இறைச்சியும் இல்லை.

அபிராமி உடனே தொமாவுக்குப் போன் எடுத்து, வேகமாகப் பிரெஞ்சில் கதைத்தாள். பிறகு தாய்க்கும் பிரெஞ்சிலேயே சொன்னாள். அப்பாவின் பங்கை எல்லாருடையதையும் போலத் தராசில் நிறுத்தார்களாம். பிறகு, விரதம் என்று தொமா சொல்லக் கேட்டு, அந்த இறைச்சியை மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டு, அதே நிறை வரும்வரை தொமாவின் தகப்பன் தன் வீட்டு மரத்துக் கஸ்கொட்டையைப் போட்டாராம். சுமந்தவன் பங்கில்லாமல் மலையிறங்கக் கூடாது என்றாராம். விரதத்துக்குக் கஸ்கொட்டை ஆகுமோ என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லையாம்.

அக்கா குனிந்து ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"அதே தராசிலையோ நிறுத்தவர்?"

அபிராமி போனில் கேட்டாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் கதை நடந்தது. அவள் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, இம்முறை தமிழில் சொன்னாள்.

"தராசைக் கழுவினவராம் அம்மா. சுடுதண்ணியிலை, ரெண்டு தரம்."

அக்கா உள்ளே போனா. குசினிக்குள் ஏதோ இழுபடுகிற சத்தம் கேட்டது. சுளகோடு திரும்பி வந்து, வாசலில் இருந்து, கஸ்கொட்டைகளை அள்ளி அள்ளிப் போட்டா. கீழே உருண்டவற்றை எடுத்து வரும்படி என்னைப் பார்த்துக் கையைக் காட்டினா. நான் படியிறங்கத் தொடங்கும்போது, முகத்தை நிமிர்த்தாமல் அண்ணையிடம் சொன்னது கேட்டது.

"சம்பந்திக்குப் போன் எடுங்கோ. இதை அவிக்கிறதோ சுடுறதோ எண்டு கேளுங்கோ. பாரணைக்கு வைப்பம்."